வளைவில் இறங்கியவன்

ஸென்கி “இடது” என்று சொல்வதற்கு முன்பே கை திருப்பிவிட்டது.

அரை நொடிதான் வித்தியாசம். வேறொருவனாக இருந்தால் கண்டுகொண்டிருக்கவே மாட்டான். ஆனால் ஐந்து வாரமாக அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை முப்பதாம் தேதி விடிகாலையில், அமெரிக்கர் கையிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பியிருந்த ஒகினாவா முழுக்க, வண்டிகளெல்லாம் சாலையின் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாறின. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன, ஒரே ராத்திரியில் சாலைப் பலகைகளைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இருபத்தாறு வருஷம் வலது பக்கமே ஓட்டிப் பழகிய உடம்பை யார் பெயர்த்து நடுவது? புது பஸ்ஸில் ஸ்டியரிங் வலது ஓரத்தில், கியர் இடது கைக்கு. வலது கையோ பழைய இடத்தில் கியரைத் தேடிப் போய், ஜன்னல் விளிம்பில் இடித்து இடித்து, விரல் முட்டியெல்லாம் கன்றிப் போயிருந்தது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸென்கி வாய்க்குள்ளேயே “இடது, இடது” என்று முணுமுணுப்பான். சொன்ன பிறகுதான் கை கேட்கும். அடம்பிடிக்கிற மாட்டை ஓட்டுகிற கதைதான்.

இன்றைக்குச் சொல்லவே இல்லை. கை தானாகத் திருப்பியது, அலுங்காமல் குலுங்காமல், கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி.

பழகிவிட்டது போல, என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டானே தவிர, அதை அவனால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் மூன்று நாளைக்கு முன்பும் இப்படித்தான் ஆனது.

அன்று மழை விட்டு வெயில் அடித்த பிற்பகல். நாகோவிலிருந்து வடக்கே போகும் பஸ், ஏழு பயணிகள். ஆமைப்பாறை வளைவில் இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை, நடுவில் ஒடுக்கமான தார்ச்சாலை. எதிரே அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டு வந்தது. ஸென்கியின் மனசு “வலது!” என்று அலறியது. பழைய பழக்கமெல்லாம் இத்தனை நாளும் மனசுக்குள்ளேதான் பதுங்கியிருந்திருக்கிறது. பாவம், கையைத் திட்டியிருக்கிறான். கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. இடது பக்கம் ஒடித்தது. பஸ் கடலோரக் கம்பியை உரசிக்கொண்டு சரளையில் சறுக்கி நின்றது. அன்னாசிகள் தடதடவென்று சாலையில் உருண்டன. ஒன்று சக்கரத்தில் நசுங்கி, அந்தப் புளிப்பும் இனிப்புமான வாடை பஸ் முழுக்க நிறைந்தது. ஸென்கிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தான்.

“டிரைவர்னா இவர்தான்யா டிரைவர்! அந்தக் கையைத் தங்கத்துல பண்ணி வைக்கணும்!” என்று மீன்கூடைக்காரி ஒருத்தி குனிந்து குனிந்து நன்றி சொன்னாள். ஸென்கி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சொல்படி நடந்திருந்தால் ஏழு பேரும் லாரிக்கு அடியில் போயிருப்பார்கள். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்றைக்குப் பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்து நின்றது. அங்கே பதினெட்டு நிமிஷம் காத்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ஊரில்தான் அவனுடைய அக்கா நபே தனியாக இருந்தாள். போரில் போன கணவன் போனவன்தான். பிள்ளை குட்டி கிடையாது. நிறுத்தத்திலிருந்து அவள் வீடு இருநூறு அடி. பதினோரு வருஷமாக இந்தத் தடத்தில் ஓட்டுகிறான், வருஷத்துக்கு ஒரு தடவை, ஓபோன் பண்டிகைக்குப் போனால் உண்டு. மற்ற நாளெல்லாம் அவள் சோற்று உருண்டையைத் துணியில் கட்டி நிறுத்தத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவாள். அவன் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தின்றுவிட்டுத் துணியைப் பெஞ்சில் போட்டுவிடுவான். பெண்டாட்டி ஒசாகாவுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பேச ஆளில்லாத வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸென்கி அப்படிப்பட்ட ஆள்.

இன்றைக்குப் பெஞ்சில் பொட்டலம் இல்லை. நபேயே நின்றுகொண்டிருந்தாள்.

“இங்க திரும்புடா. என் மூஞ்சியப் பாரு.”

“வண்டி எடுக்கணும்.”

“பதினெட்டு நிமிஷம் இருக்கு. எனக்கா தெரியாது?” அவள் படியில் ஏறி, அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பி, கண்ணுக்குள் கிணற்றைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தாள். “மீன்காரி சொன்னதுமே நெனச்சேன். மபுய் விழுந்துடுச்சு. அந்த வளைவுலதான் விழுந்திருக்கும். இப்ப நூல்ல தொங்கிட்டிருக்கு, அவ்வளவுதான். அன்னிக்குப் போட்டிருந்த சட்டையைக் குடு, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

அந்த ஊர்ப்பக்கம் குழந்தை தடுக்கி விழுந்தால்கூட மபுய் விழுந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆளுக்குள்ளே இருக்கிற ஆள் அது. அதிர்ந்தால் கழன்று விழுந்துவிடும். வீட்டுப் பொம்பளை ஒருத்தி விழுந்த இடத்துக்குப் போய், மூன்று கல் பொறுக்கி, அந்த ஆளின் சட்டையில் முடிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சட்டையை ஆள் மேல் போர்த்திச் சோறு ஊட்டினால் உள்ளே போய்விடும். ஸென்கிக்கே சின்ன வயசில் இரண்டு தடவை செய்திருக்கிறார்கள்.

“உன் பழைய கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்க,” என்றான் ஸென்கி. “ஆளை விடு.”

அவன் தன் இஷ்டப்படி பேசிய கடைசி வார்த்தை அதுதான். அது அப்போது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான். தாடையோரம் திருப்ப வேண்டும் என்று நினைக்கும்போது கத்தி ஏற்கெனவே திரும்பியிருந்தது. மேலுதட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கும்போது மேலுதடு முடிந்திருந்தது. நிறுத்திப் பார்ப்போம் என்று, “நில்” என்று மனசுக்குள் சொன்னான். கை நிற்கவில்லை. சாவகாசமாக மழித்து, கத்தியைக் கழுவி, உதறி, மாடத்தில் வைத்தது. தினம் ஒரு வெட்டாவது விழுகிற முகம், அன்றைக்கு ஒரு கீறல் இல்லை. சோப்பு வாடை மூக்கில் ஏறியதுகூட எல்லாம் முடிந்த பிறகுதான்.

டிப்போவில் குனியோஷி சிரித்தான். பக்கத்து வண்டி டிரைவர், வாயை மூடவே தெரியாதவன். “என்ன ஸென்கி, முணுமுணுப்பு நின்னு போச்சா? நீ வண்டி ஓட்டுறியா, வண்டி உன்னை ஓட்டுதா?”

இல்லடா, எனக்கு என்னமோ ஆகுது, யாரையாவது கூப்பிடு, என்று ஸென்கி சொல்ல நினைத்தான். வாய் திறந்தது. “ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுறோம்” என்றது. டிப்போவே சிரித்தது. குனியோஷி முதுகில் தட்டினான். அந்தத் தட்டு ஸென்கிக்கு வந்து சேர்வதற்குள் குனியோஷி அந்தப் பக்கம் போய்விட்டிருந்தான்.

தான்தான் டிரைவர், உடம்பு வண்டி என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தான். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லாத விஷயம். இப்போது இருக்கையில் உட்கார்ந்தபடி, தன் கைகள் வளைவு வளைவாகத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு போகையில், வேறொரு எண்ணம் வந்தது. இத்தனை வருஷமும் ஓட்டியது யார்? ஒருவேளை எப்போதும் இப்படித்தானோ? கை எப்போதும் தானாகவே திருப்பி, இவன் பின்னாலிருந்து ‘நான்தான் திருப்பினேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தானோ? ஜன்னலோரம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பயணியோ?

அன்று கடைசி நிறுத்தத்தில் கால்கள் படியிறங்கின. அவன் இறங்கச் சொல்லவில்லை. இருநூறு அடி நடந்து, வாசல் தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு, அக்கா வீட்டு நடைக்குப் போய் நின்றன.

“அக்கா,” என்றது வாய். “நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பாகற்காய் வதக்குற வாசனை ரோடு வரைக்கும் வருது. ஒரு வாய் குடேன்.”

நபே கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பயந்த முகமா, சந்தோஷ முகமா என்று சொல்ல முடியாத ஒரு முகம். பிறகு ஓடிப்போய்த் தட்டு எடுத்து வந்தாள். பதினெட்டு நிமிஷமும் உடம்பு அங்கே உட்கார்ந்து தின்றது, அவள் மூட்டுவலிக் கதையைக் கேட்டது, இடையிடையே ‘அய்யோ’ என்றது, சின்ன வயசில் வாத்தியார் செருப்பை ஒளித்து வைத்த கதையைச் சொல்லிச் சிரித்தது. ஸென்கி உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தச் செருப்புக் கதை மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் சத்தம். பிறகு வெளிச்சம். பஸ் பாலத்தைக் கடந்துவிட்டிருக்கும். பாலத்தின் அதிர்வு அப்புறம்தான் அவனுக்கு வரும். ஆமைப்பாறை வளைவு வரும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் இழுப்பு அதிகமானது. ஒவ்வொரு தடவையும் அவன் இருக்கையைப் பற்றிக்கொள்ளப் பார்த்தான். பற்றுவதற்குக் கை இல்லை.

அக்கா வீட்டில் சாப்பிட்டு ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை. நல்ல வெயில். கடல் பளபளவென்று கண்ணைக் குத்தியது. வளைவு வந்தது. இழுத்தது.

பஸ் போய்விட்டது.

அவன் போகவில்லை.

சரளைக்கு மேல், உரசிப்போன கம்பிக்குப் பக்கத்தில் இருந்தான். பஸ்ஸின் பின்பக்கம் சின்னதாகிக்கொண்டே போனது. வலது ஓரத்து ஜன்னல் வழியாக ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய முழங்கை.

வெட்டுக்கிளியும் சில்வண்டும் மலைப்பக்கம் விடாமல் இரைந்தன. நசுங்கிய அன்னாசியின் தோல் தாரோடு ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. அதன் வாடை மட்டும் போகவில்லை. நிழல் விழ ஒன்றும் இல்லை அவனிடம். உட்கார முழங்கால் இல்லை. மூட இமை இல்லை. கத்த வாய் இல்லை. வண்டிகள் வந்தன, போயின. ஈ எறும்பு கூட அவனைச் சுற்றிப் போகவில்லை, ஊடேதான் போனது.

மாலையில் பஸ் திரும்பி வந்தது. ஸ்டியரிங் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். மீன்கூடைக்காரி ஏதோ சொல்ல, அவன் தலையை அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தான். வளைவில் அழகாகத் திருப்பினான். வெளியே பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கு உள்ளே யாரும் இல்லையே.

வெள்ளி. சனி. ஒரு நாளைக்கு ஆறு தடவை பஸ் கடந்தது. ஆறு தடவையும் அவன் அதன் மேல் பாய்ந்தான். பாய்கிறதாக நினைத்தான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. வண்டி நேரத்துக்குப் போனது, நேரத்துக்கு வந்தது. அவன் இல்லாததால் எங்கேயும் ஒரு பள்ளம்கூட விழவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுவதற்குக் கண் இல்லாமல். அக்கா, அக்கா, அக்கா, என்று நினைத்துக்கொண்டே இருந்தான். அவள் ஒருத்திதான் எட்டிப் பார்த்தவள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. உச்சி வெயிலில் அவள் வந்தாள்.

கையில் குடை, மார்போடு அணைத்த சட்டை. அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சீருடைச் சட்டை, அவன் உடம்பிடம் கேட்டு வாங்கியிருப்பாள். ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கம்பிக்குப் பக்கத்தில் குந்தி, சரளையைத் தடவித் தடவி மூன்று கல் எடுத்தாள்.

“மபுயே, மபுயே, என் பின்னாடியே வா. ஸென்கி, வாடா. அக்கா வந்திருக்கேன்டா.”

அவன் போனான். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்லுக்குள் இருந்தான். இத்தனை நாளைக்கப்புறம் ஒரு சூடு. அவள் உள்ளங்கை. பிறகு சட்டைத் துணியின் இருட்டு, அதில் தன் வியர்வை வாடை. அவள் முடிச்சை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். வழியில் யாரிடமும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, கீழே வைக்கக் கூடாது. அவள் பேசவில்லை. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனைச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அக்கா காலில் விழ வேண்டும். தினம் அந்தப் பதினெட்டு நிமிஷம். ஞாயிறு முழுக்க. ஒசாகாவுக்கும் ஒரு கடிதம் போட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் எத்தனை நல்லவனாகிவிட்டான்!

காலடி மாறியது. நடை. வீட்டின் மண்ணெண்ணெய் வாடை, மீன் வாடை.

“எங்கக்கா போயிட்ட வெயில்ல?”

அவன் குரல். அவன் தொண்டை. அக்காவின் நெஞ்சு ஒரு அடி தவறி அடித்தது.

“அந்த உடைஞ்ச ஜன்னல் பலகையைச் சரி பண்ணிட்டேன்,” என்றது குரல். “சோறு எடுத்து வச்சு ரொம்ப நேரமாச்சு. நீ இல்லாம தனியா சாப்பிட மனசு வரல.”

நாலு வருஷமாக உடைந்து கிடந்த பலகை அது. நபே நடையிலேயே நின்றாள். முடிச்சுக்குள் ஸென்கி காத்திருந்தான். சட்டையைப் பிரி. தோளில் போடு. சோற்றை ஊட்டு. அவ்வளவுதான். அக்கா. பிரி.

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“கை கழுவிட்டு வந்துடறேன்டா,” என்றாள்.

அடுப்படி. கதவை இழுத்துச் சாத்தும் சத்தம். முடிச்சு அவிழ்ந்தது. வெளிச்சம். அவள் முகம் மிகப் பெரியதாக, மிகக் கிட்டத்தில், கண்ணெல்லாம் ஈரம்.

“எனக்குத் தெரியும்டா,” என்று கிசுகிசுத்தாள். “அங்க உக்காந்திருக்கறது நீ இல்ல. உள்ள யாருமே இல்ல. கண்ணுல பாத்துட்டேன். உன்னைக் கூட்டிட்டு வந்து உள்ள விட்டுடணும்னுதான்டா கிளம்பினேன். சத்தியமா அதுக்குத்தான்.”

வெளியே அவன் குரல் ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

“ஆனா அது வருதுடா. தானா நடந்து வருது. என் பேச்சைக் கேக்குது, சிரிக்குது. நீ உள்ள வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? பெஞ்சில துணியைப் போட்டுட்டுப் போயிடுவ. பதினோரு வருஷம் அந்தத் துணியை நான் எடுத்துத் துவைச்சிருக்கேன்.” மூக்கை உறிஞ்சினாள். “போர்ல அவர் விழுந்த இடம் தெரிஞ்சிருந்தா அவரைப் போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். எனக்குன்னு யார்டா இருக்கா?”

அக்கா. வேண்டாம். மாறிட்டேன். சத்தியமா. அக்கா.

அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையிலிருந்த ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறந்தாள். சின்ன வெங்காயமும் உப்புமாக வாடை அடித்தது. ஊறுகாயை அழுத்தி வைக்கிற பலகை மேல் மூன்று கல்லையும் ஒவ்வொன்றாக வைத்தாள், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற பதனத்தில்.

“உப்புக்குள்ள இருந்தா எங்கயும் அலைய மாட்ட. இங்கயே இரு. பக்கத்துலயே இரு.”

மூடி.

இருட்டு. உப்புத் தண்ணீர். சுவருக்கு அந்தப்பக்கம் தட்டுச் சத்தம், இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். அப்புறம் யாரும் இல்லாத சத்தம். அப்புறம் ஆறு நாள்.

ஞாயிறு. காலடி. இடது குதிகாலைக் கொஞ்சம் தேய்த்து நடக்கிற காலடி, அவனுக்குத் தெரியாததா.

“நீ உக்காருக்கா. ஊறுகாய் நான் எடுக்கறேன்.”

மூடி திறந்தது. வெளிச்சத்தில் ஒரு கை இறங்கியது. முட்டியில் கன்றிப்போன தழும்பெல்லாம் ஆறிவிட்டிருந்தது. அந்தக் கை அவனைத் தூக்கியது. மேலே முகம். ஒரு கீறல் இல்லாமல் மழித்த முகம். எதையோ மென்றுகொண்டே அவனைப் பார்த்தது. இரண்டு கண். அவன் அந்தக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தான். அடி வரைக்கும் தெரிந்தது. ஒருவரும் இல்லை.

“அக்கா, இந்தக் கல்லு ஏன் சூடா இருக்கு?”

உள்ளே தட்டுச் சத்தம் நின்றது.

“அது அப்படித்தான்டா,” என்றாள் நபே. “நல்லா அழுத்தி வை.”

அவனுடைய கட்டைவிரல் அவன் மேல் இறங்கியது. அழுத்தியது. உப்புத் தண்ணீர் மெல்ல ஏறி மூடியது.